மே 17-க்கு நோர்வே போகிறவர்களுக்கு

நோர்வேயில் இருக்கும் சிநேகிதியோ சொந்தக்காரரோ "மே மாதம் வா, பதினேழாந் தேதியையும் பார்த்துவிட்டுப் போகலாம்" என்று கூப்பிட்டால், ரிக்கற் போடுவதற்கு முதல் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "அன்றைக்கு எனக்கு என்ன வேலை தருவாய்?"

மே 17 நோர்வேயின் தேசிய நாள், பள்ளிப் பிள்ளைகள் கொடியோடு ஊர்வலம் போகிற நாள். அதற்கு நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை விருந்தாளியாகப் போனேன். என் சிநேகிதி ஒஸ்லோவில் குரூருட்டாலன் பக்கம் இருக்கிறாள். அன்று விடிய ஆறு மணிக்கே அவளும் கணவரும் பள்ளிக்கூடத்தில் மேசை கதிரை அடுக்கப் போய்விட்டார்கள். "நீ வெள்ளனவே ரவுணுக்குப் போய் நல்ல இடமாய்ப் பிடிச்சு நில்லு, நாங்கள் பிறகு வாறம்" என்றாள். நானும் கார்ல் யூஹான் வீதியில் எட்டரை மணியிலிருந்து நின்றேன். ஊர்வலம் வரும்போது எனக்கு முன்னால் ஐந்தாறு வரிசை. தலைகளும் கொடிகளும் தெரிந்தன, வாத்தியச் சத்தம் கேட்டது. பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் சிநேகிதியின் மகள் கேட்டாள்: "அன்ரி, நான் உங்களுக்குக் கை காட்டினேனே, கண்டனீங்களோ?" நான் காணவில்லை. அந்தப் பிள்ளை மூன்று மாதமாய்க் கிளாரினெட் பழகியது அந்த ஒரு நாளுக்காக. நான் அத்தனை தூரம் பறந்து போயும் அவளைப் பார்க்காமல் யாரோ ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

இரண்டாம் தடவை வேலை கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். இனிச் சொல்வதெல்லாம் அந்த இரண்டாம் பயணத்தில் கற்றுக்கொண்டவை.

முதலில் நாளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள். 1814-ஆம் ஆண்டு, டென்மார்க்கின் பிடியிலிருந்து சுவீடனின் கைக்கு நோர்வே மாற்றிக் கொடுக்கப்பட்ட நேரத்தில், 112 பேர் ஒஸ்லோவுக்கு வடக்கே அய்ட்ஸ்வொல் என்ற இடத்தில் கூடி ஓர் அரசியலமைப்பை எழுதி மே 17-இல் கையெழுத்திட்டார்கள். சுவீடனோடு சேர்ந்திருக்கத்தான் வேண்டியிருந்தது. முழுதாய்ப் பிரிய 1905 வரை சென்றது. ஆனால் அந்த அரசியலமைப்பை விட்டுக்கொடுக்கவில்லை. அதனால்தான் பிரிந்த நாளைவிட எழுதிய நாளே அவர்களுக்குப் பெரிய நாள்.

ஊர்வலத்தைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தது 1870-இல். தேசிய கீதத்தை எழுதிய பியோர்ன்ஸ்தியேர்ன பியோர்ன்சன் தொடங்கி வைத்தார். முதலில் ஆண்பிள்ளைகள் மட்டுமே போனார்கள். பெண்பிள்ளைகள் 1889-இல் சேர்ந்தார்கள். 1906 முதல் அரச குடும்பம் அரண்மனை மாடத்தில் நின்று பிள்ளைகளுக்குக் கை அசைக்கிறது. ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் கொண்டாட்டம் தடை செய்யப்பட்டிருந்தது. 1945 மே 8-இல் விடுதலை கிடைத்தது. ஒன்பதாம் நாள் மே 17. அன்றைக்குத் தெருவில் நின்ற சனத்தின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மன்னரின் காவற்படை இசைக்குழு வாசித்துக்கொண்டு போகும். மற்றபடி முழுக்க முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள்தான். தேசிய நாள் என்றால் படையணியும் தாங்கியும் என்றே கண்டு வளர்ந்த எனக்கு, ஏழு வயதுப் பிள்ளை பால்பல் விழுந்த வாயோடு கொடி பிடித்துக்கொண்டு போவதுதான் ஒரு நாட்டின் அணிவகுப்பு என்பது நெஞ்சை அடைத்தது. இதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், கைக்குட்டை கொண்டுபோங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். நோர்வேயில் "டூக்னாட்" என்று ஒரு சொல் உண்டு. நாலு பேர் கூடிக் கூலியில்லாமல் செய்கிற பொதுவேலை. முற்றம் கூட்டுவது, விளையாட்டுத்திடல் திருத்துவது, எல்லாம் அதுதான். மே 17-ம் பெரும்பகுதி டூக்னாட்டில்தான் ஓடுகிறது. பள்ளிக்கூடங்களில் பெற்றோரைக் கொண்டு ஒரு குழு இருக்கும். யார் கோப்பி ஊற்றுவது, யார் கேக் கொண்டுவருவது, யார் சாக்கோட்டத்துக்குக் கயிறு பிடிப்பது என்று ஏப்ரலிலேயே பட்டியல் போட்டுவிடுவார்கள். உங்கள் சிநேகிதி அந்தப் பட்டியலில் நிச்சயம் இருப்பாள். அவளுடைய வேலையில் ஒரு துண்டை நீங்கள் எடுத்துக்கொண்டால், அன்றைக்கு நீங்கள் அவளுக்குப் பாரமில்லை. அங்கே உங்களுக்கு ஓர் இடமும் கிடைத்துவிடும். பாஷை தெரியாவிட்டால் கதைப்பதற்கும் அதுதான் நல்ல வழி. கையில் கோப்பிப் போத்தலோடு நிற்கிறவளிடம் எல்லாரும் வந்து கதைப்பார்கள்.

எனக்குக் கிடைத்தது "கிரான்செகாகெ". பதினெட்டு வளையங்களைப் பெரியதிலிருந்து சிறியதுவரை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய கோபுரக் கேக். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் புதிதாய் வருகிறவர் துணிந்து ஏற்கக்கூடிய வேலை. அரைத்த பாதாம் 500 கிராம், ஐசிங் சீனி 500 கிராம், முட்டை வெள்ளைக்கரு மூன்று அல்லது நாலு. மாவு அவ்வளவுதான். முதல்நாள் இரவே குழைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட வேண்டும். வளைய அச்சுகள் பக்கத்து வீட்டு நோர்வேக் கிழவியிடம் இரவல் வாங்கினோம். ஆறு தகடு, ஒவ்வொன்றிலும் மூன்று வளையம். அச்சுக்குப் பட்டர் பூசி ரவை தூவச் சொன்னார். ரவையைக் கண்டதும் எனக்குச் சொந்தக் குசினிக்குள் நிற்பதுபோல் இருந்தது. மாவைச் சுண்டுவிரல் மொத்தத்துக்குக் கயிறாய் உருட்டி, அச்சுக்குள் வளைத்து, நுனி இரண்டையும் அழுத்திச் சேர்க்க வேண்டும். 200 பாகையில் பத்து நிமிடம் அளவில் பொன்னிறமாகும்.

இந்த இடத்தில் நான் ஒரு பிழை விட்டேன். சூட்டோடு அச்சிலிருந்து எடுத்தேன். மூன்றாவது வளையம் இரண்டாய் உடைந்துபோனது. நன்றாக ஆறும்வரை கை வைக்கக்கூடாது. கிழவி ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஐசிங்கை எடுத்து முறிவில் தடவி, ஒட்டிய பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்துக் காட்டினார். பிறகு ஒவ்வொரு வளையத்துக்கும் மேலே ஐசிங்கை வளைந்து வளைந்து விட்டு, அது ஈரமாய் இருக்கும்போதே அடுத்ததை வைத்தோம். கடைசியில் சின்னக் காகிதக் கொடிகளைக் குத்தினோம். ஒரு நுணுக்கம்: வளையங்கள் விறைத்துப்போனால், மூடிய பெட்டிக்குள் ஒரு துண்டுப் பாணோடு ஓரிரவு வையுங்கள்; மெதுமையாகிவிடும். பரிமாறும்போது உச்சியை உடைக்கக் கூடாது. கோபுரத்தைத் தூக்கி அடி வளையத்தை எடுத்துத் துண்டாக்குவார்கள். அப்போது கோபுரம் உருக்குலையாமல் கொஞ்சம் கொஞ்சமாய்க் கட்டையாகும்.

பயண ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேவையானது ஷெங்கன் விசா. பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்கு முன்னராவது கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. அந்தக் கடைசி நாளை நம்பி இருக்காதீர்கள், தை மாசியிலேயே கொடுத்துவிடுங்கள். மருத்துவக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையக்கூடாது. சிநேகிதியின் அழைப்புக் கடிதத்தில் எத்தனை நாள், எங்கே தங்குவது, செலவு யாருடையது என்று தெளிவாக இருக்கட்டும். 14-ஆம் தேதிக்குள் போய் இறங்குங்கள். களைப்போடு 17-ஐச் சந்திப்பது வீண். கார்டர்மூன் விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு விமான நிலைய விரைவு ரயிலும் உண்டு, சாதாரண ரயிலும் உண்டு. நேரத்தில் பெரிய வித்தியாசமில்லை, சாதாரண ரயிலில் காசு ஏறத்தாழப் பாதி.

சாமான் வாங்குவதை 16-ஆம் தேதி மதியத்துக்குள் முடியுங்கள். 17-இல் பெரிய கடைகள் எல்லாம் பூட்டு. சிநேகிதி வீட்டுக்கு மதுபானம் வாங்கிப்போக நினைத்தால் இன்னும் கவனம்: வைனும் கடும் மதுவும் அரசின் தனிக்கடைகளில் மட்டுந்தான், அவையும் அன்று திறவா. காசு விஷயம் புதிதாய்ப் போகிறவர்களுக்குத் தெரிவதில்லை. நோர்வேயில் எல்லாரும் "விப்ஸ்" என்ற கைத்தொலைபேசிச் செயலியில்தான் காசு கொடுக்கிறார்கள். அதற்கு அந்நாட்டு அடையாள எண்ணும் வங்கிக் கணக்கும் வேண்டும், நமக்குக் கிடைக்காது. பள்ளிக்கூட முற்றத்தில் ஐஸ்கிறீம் விற்கிற சில மேசைகளில் விப்ஸ் எண் எழுதிய மட்டை மட்டுந்தான் இருக்கும். சிநேகிதியின் மகளுக்கு ஒரு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுக்க முடியாமல் நிற்பது நல்லாயிருக்காது. 50, 100 குரோனர்த் தாள்கள் கொஞ்சம் மாற்றி வைத்திருங்கள், அல்லது முதல்நாளே சிநேகிதியிடம் மொத்தமாய்க் கொடுத்து அவளைச் செலுத்தச் சொல்லுங்கள்.

உடுப்பு. அன்று அவர்கள் "பூனாட்" உடுத்துவார்கள்: ஊருக்கு ஊர் நிறமும் தையலும் மாறுகிற கம்பளி உடை, மார்பில் வெள்ளிப் பதக்கங்கள். ஒன்றின் விலை பல பத்தாயிரம் குரோனர். பலருக்குப் பதினைந்து வயதை ஒட்டிக் குடும்பம் தைப்பித்துக் கொடுத்தது, சிலருக்குப் பாட்டியிடமிருந்து வந்தது. தொட்டுப் பார்க்காதீர்கள். ஆனால் "இது எந்த ஊர்ப் பூனாட்?" என்று கேளுங்கள். "வூர் ஆர் பூனாடென் ஃப்ரா?" இந்த ஒரு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டால் போதும். அளந்து பேசும் மனிதர்கூட அரைமணித்தியாலம் கதைப்பார், அதில் பூவேலை செய்த பெரியம்மா வரைக்கும் போவார்.

நாம் நம்முடைய சாறியோ வேட்டியோ உடுத்தலாம். அன்றைக்கு அது மிகவும் பொருத்தம். அங்கே வாழ்கிற நம்முடைய சனம் பலர் அப்படித்தான் வருகிறார்கள். ஆனால் மே நடுப்பகுதியில் ஒஸ்லோவின் காலைக் குளிர் ஆறேழு பாகையில் நிற்கலாம், மழையும் வரலாம். முதல் தடவை நான் பட்டுச்சாறியோடு மெல்லிய செருப்புப் போட்டு நின்று, மத்தியானத்துக்குள் கால்விரல்களில் உணர்வே இல்லாமல் போனேன். இரண்டாம் தடவை சாறிக்குள் கம்பளிக் காற்சட்டை, கம்பளி உள்ளங்கி, காலுக்கு மொத்தக் காலுறையும் மூடிய சப்பாத்தும். வெளியே ஒருவருக்கும் தெரியவில்லை. நெஞ்சின் இடப்பக்கம் சிவப்பு-வெள்ளை-நீல நாடா ஒன்று குத்திக்கொள்ளுங்கள், "ஸ்லொய்ஃபெ" என்பார்கள். சிநேகிதியிடம் கேட்டால் இருக்கும்.

கையில் பிடிப்பது நோர்வேக் கொடிதான். நம்முடைய எந்தக் கொடியையும் அன்றைக்கு எடுத்துப் போக வேண்டாம் என்பது என் முடிந்த கருத்து. அது அவர்கள் வீட்டுப் பிறந்தநாள். கொடி நிலத்தில் படக்கூடாது. சின்னக் காகிதக் கொடியானாலும் கைதளர்ந்து கீழே போட்டுவிடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

காலை எட்டு மணிக்குக் கொடியேற்றம். அந்த நேரத்தை ஒட்டிக் குடும்பங்கள் சேர்ந்து காலைச் சாப்பாடு: சிறு பணிஸ்கள், புகையூட்டிய சல்மன் மீன், கலக்கிப் பொரித்த முட்டை, பழங்கள். ஆளுக்கொன்று கொண்டுவருவார்கள். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிடுங்கள். நமக்குப் பழகிய வழக்கம்தான், அங்கேயும் அப்படியே. எட்டு மணி என்றால் எட்டு மணிக்கு நிற்க வேண்டும். எதிர்ப்படும் எவரையும் பார்த்து "கிராத்துலேரர் மெ டாகென்" என்று சொல்லலாம். பிறந்தநாளுக்குச் சொல்கிற அதே வாழ்த்து. தெரியாதவருக்கும் சொல்லலாம், அன்றைக்கு மட்டும் அவர்களே முந்திக்கொள்வார்கள். சாப்பிட்டு எழும்பும்போது "தக் ஃபோர் மாதென்", சாப்பாட்டுக்கு நன்றி, என்று சமைத்தவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அது இல்லாமல் எழும்புவது அங்கே குறை.

ஊர்வலம் பத்து மணிக்கு. இங்கேதான் என் முதல் வருடப் பிழையை நீங்கள் செய்யக்கூடாது. ஒவ்வொரு பள்ளிக்கூடமும் எத்தனையாவதாய் வரும் என்ற வரிசை முன்கூட்டியே வெளியாகும். அதைப் பார்த்து, உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடம் வரும் நேரத்தைக் கணக்குப் பண்ணுங்கள். பள்ளிக்கூடத்தின் பெயர் எழுதிய பெரிய துணிப்பதாகை முன்னால் வரும். அதன் நிறத்தையும் படத்தையும் முதல்நாளே கேட்டு மனதில் வைத்திருங்கள். அரண்மனைக்கு நேரே முன்னால் நிற்க முண்டியடிக்க வேண்டாம். ஊர்வலம் தொடங்குகிற பக்கத்துத் தெருக்களில் கூட்டம் குறைவு, முன்வரிசையில் நிற்கலாம். எந்தத் தெரு, எந்தப் பக்கம், எந்தக் கடைவாசல் என்று பிள்ளைக்கே சொல்லிவிடுங்கள். அவர்கள் தேடுவார்கள். ட்ராம்கள் பாதை மாறும் அல்லது நிற்கும், நிலத்தடி ரயிலில் போங்கள். ரயில் நிறைந்திருக்கும், ஒரு மணித்தியாலம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் தடவை நான் அப்படி ஒரு தெருமூலையில் நின்றேன். பதாகை திரும்பியது, பின்னால் இசைக்குழு. அவள் மூன்றாம் வரிசை ஓரத்தில். உதட்டில் கிளாரினெட், கை அசைக்க வழியில்லை. என் பச்சைச் சாறியைக் கண்டதும் புருவம் இரண்டையும் தூக்கினாள். நான் பெலத்துக் கத்தினேன், "ஹுரா!" பக்கத்தில் நின்ற அறியாத மனிதர்களும் சேர்ந்து கத்தினார்கள், யாருடைய பிள்ளை என்று கேட்காமலே.

படம் எடுக்கும்போது ஒரு கவனம். உங்கள் பிள்ளையை எடுங்கள். மற்றப் பிள்ளைகளின் முகம் தெளிவாய்த் தெரியும் படங்களை இணையத்தில் போடாதீர்கள். பெற்றோரைக் கேட்காமல் போடுவதை அங்கே பெரிய தவறாக நினைக்கிறார்கள். சிவப்புக் காற்சட்டையோடு சத்தம் போட்டுத் திரிகிற இளையோரைக் கண்டால் பயப்பட வேண்டாம், உயர்நிலைப் பள்ளியை முடிக்கிற "ரூஸ்". சின்னப் பிள்ளைகள் அவர்களிடம் பெயரட்டை கேட்டுச் சேர்ப்பார்கள்.

ஊர்வலம் முடிந்து பள்ளிக்கூட முற்றத்துக்கு வந்தால், உங்கள் வேலை நேரம். உருளைக்கிழங்கைக் கரண்டியில் வைத்து ஓடுவது, சாக்குக்குள் பாய்வது, சொசேஜ் வரிசை. சொசேஜைப் பாணுக்குள்ளும் தருவார்கள், "லொம்பெ" என்ற மெல்லிய உருளைக்கிழங்கு ரொட்டியில் சுற்றியும் தருவார்கள், இரண்டாவதைக் கேளுங்கள். பன்றி, மாடு உண்ணாதவர்கள் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அன்றைக்கு எத்தனை ஐஸ்கிறீம் தின்றாலும் ஒருவரும் தடுப்பதில்லை, நீங்களும் தடுக்காதீர்கள். கடைசிவரை நின்று கதிரை மடியுங்கள். இரண்டாம் வருடம் என் பெயரைக் கேட்டு ஞாபகம் வைத்துக்கொண்டவர்கள் எல்லாம் கதிரை மடிக்கும்போது கதைத்தவர்கள்.

நேரம் இருந்தால் இன்னொரு இடத்துக்கும் போங்கள். 1814-இன் அந்த அரசியலமைப்பில் இரண்டாம் பிரிவு யூதர்கள் நாட்டுக்குள் வரக்கூடாது என்றது. கவிஞர் ஹென்றிக் வெர்கெலான் அதை மாற்றப் பாடுபட்டு, மாறுவதைப் பார்க்காமலே 1845-இல் இறந்தார். தடை நீங்கியது 1851-இல். ஒஸ்லோ நடுவிலுள்ள மயானத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது; ஒவ்வொரு மே 17-ம் யூத இளையோர் அங்கே மாலை வைக்கிறார்கள். நான் 18-ஆம் தேதி போனேன், மாலை இன்னும் வாடாமல் இருந்தது. அந்நியர் என்று வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் கதையும் அந்த நாளுக்குள் இருக்கிறது என்பதை அறிந்த பிறகு, என் சிநேகிதியின் மகள் அந்த வீதியில் நடந்ததை நான் வேறு கண்ணால் பார்க்கிறேன்.

கொடியை ஒன்பது மணிக்குள் இறக்கிவிட வேண்டும். சூரியன் மறைய ஏறத்தாழப் பத்து மணியாகும், ஆகவே இறக்கும்போது வெளிச்சம் நன்றாகவே இருக்கும். இருவர் வேண்டும்: ஒருவர் கயிற்றை விட, ஒருவர் துணி நிலத்தில் படாமல் ஏந்த. இந்த வேலையையும் கேட்டு வாங்குங்கள். மறுநாள் அயலவரைக் கண்டால் "தக் ஃபோர் இ கோர்", நேற்றைக்கு நன்றி, என்று சொல்லுங்கள். அச்சுத் தகடுகளைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுக்கும்போது, அடி வளையத்தில் ஒரு துண்டை எடுத்துவைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள்.